செம்பருத்தி மார்க் இங்கி பற்றி அங்கப்பனின் அபிப்பிராயம்

காரமடைக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பிறந்த அங்கப்பன், உழவை விட்டு அச்சாபீசுக்கு வந்ததற்குப் படிப்புதான் காரணம் என்று அவர் அப்பா வெளியில் சொல்லிக்கொண்டார். உண்மைக் காரணம் மாடுகள். ஏரில் பூட்டிய மாடு நின்றுவிட்டால் மற்றவர்கள் வாலை முறுக்குவார்கள். அதன் தாயாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள். அங்கப்பனோ பக்கத்தில் போய், "கொஞ்சம் நடந்தீங்கன்னா தேவலைங்க" என்பார். மாடுகள் புத்திசாலிகள். இந்த மனுஷரிடம் வேலை செய்ய வேண்டியதில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டன.

கொங்கு நாட்டில் மரியாதை ஒன்றும் அபூர்வச் சரக்கு இல்லை. அடிதடியில் இறங்கினாலும் "பல்லைத் தட்டிப்போடுவேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டுகிற சீமை இது. ஆனால் மற்றவர்களுக்கு மரியாதை நாக்கு நுனியோடு நின்றுவிடும். அங்கப்பனுக்கு அது எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. எதிரில் நிற்கிற ஒருவரைப் பார்த்து "நல்லா இல்லை" என்று அவர் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. ஊசிப்போன சட்னி, ஓட்டைக் குடை, மச்சான் பாடுகிற பாட்டு, எல்லாமே அவருக்கு "அருமைங்க."

பெண் பார்க்கப் போன இடத்தில் பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. மாப்பிள்ளை டம்ளரைக் காலி பண்ணிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். கதவு இடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ராசாத்தாள், இவரைக் கட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் அடுப்படியில் வம்பில்லை என்று அப்போதே தீர்மானித்தாள். கட்டிக்கொண்ட பிறகுதான் ஆபத்து விளங்கியது. தான் வைத்த குழம்பு வாயில் வைக்க லாயக்கா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவள் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பிப் பார்த்தாள். பக்கத்து வீடும் கொங்குதானே. அங்கிருந்தும் "அருமைங்க" என்றே பதில் வந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதர் செய்த உத்தியோகம் குற்றம் கண்டுபிடிப்பது.

கோயமுத்தூர் ஒப்பணக்காரத் தெருவை ஒட்டிய சந்தில் ஓர் அச்சுக்கூடம். நீலகிரிப் பைகாராவிலிருந்து கரண்ட் வந்து, பஞ்சாலைப் புகைபோக்கிகள் புது மழைக்குக் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த காலம். மில் விளம்பரம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மிஷினுக்கு ஓய்வே கிடையாது. அங்கப்பன் அங்கே புரூப் பார்ப்பவர். அச்சுக் கோத்தவுடன் முதலில் ஒரு தாளில் ஒற்றி எடுப்பார்களே, அதைப் படித்துப் பிழைகளைச் சிவப்பு இங்கியால் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும்.

பவுண்டன் பேனாவின் மூடியைக் கழற்றினால் அவர் வேறு ஆள். தாளுக்கு முகமில்லை. அது "காப்பி சாப்பிட்டீங்களா" என்று கேட்பதில்லை. மனம் நோகுமே என்று அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. மிட்டாதாரின் வாழ்த்துப்பாவானாலும் சரி, வக்கீலின் பிரசங்கமானாலும் சரி, அவர் மேஜைக்கு வந்து திரும்பும்போது கோழி அறுத்த இடம் போலத்தான் இருக்கும். வக்கீல் நேரில் வந்தால் "பிரசங்கம் அருமைங்க" என்று எழுந்து நின்று கும்பிடுவார். இரண்டும் உண்மையா என்று யாரும் கேட்டதில்லை.

அவர் திருத்தினதை எழுத்துக் கோக்கிறவர் கம்பாசிட்டர் சென்னகிருஷ்ணன். வாய்த்துடுக்கு உண்டு, கைவேகமும் உண்டு. ஒரு தடவை வைத்தியர் ஒருவரின் பேதி மருந்து நோட்டீசில், அரை உருண்டை எந்த மூலைக்குப் போதும் என்று இவராகவே யோசித்து இரண்டு உருண்டையாகக் கோத்துவிட்டார். ஊரில் பாதி பேர் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. அன்றிலிருந்து முதலாளி உத்தரவு: செவப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே கோக்க வேண்டும், மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சென்னகிருஷ்ணன் அப்படியே செய்துகொண்டிருந்தார்.

அங்கப்பனுக்குச் சிநேகிதர் என்று ஒருவர் உண்டென்றால் அது கோட்டைமேட்டு நசுருதீன். நெசவுக்காரர்களுக்குச் சாயப்பொடி விற்கிற கடை. முழங்கை வரைக்கும் ஒரு வாரம் பச்சையாக இருப்பார், மறு வாரம் ஊதாவாக இருப்பார். நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். ஒரு நாள் அச்சாபீசுக்குள் முழுச் சிவப்பாக ஓடிவந்தார். மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அங்கப்பன் மேஜைமேல் வைத்தார்.

"சாயம் எங்கிட்ட இருக்குது. தண்ணி சிறுவாணியில இருக்குது. எழுதறதுக்கு நீங்க இருக்கறீங்க. அப்பறம் எதுக்குங்க கவுண்டரே சீமையில இருந்து பாட்டில் கப்பலேறி வரோணும்?"

சுதேசிச் சிவப்பு இங்கி. செம்பருத்தி மார்க். லேபிள்கூடத் தயார். அங்கப்பன் தமது பேனாவைக் கழுவி, சொட்டுக்குழாயால் இங்கியை ஊற்றிக்கொண்டு, தம் பெயரை எழுதிப் பார்த்தார். எழுத்து தாளில் ஊறி, கம்பளிப்பூச்சி மாதிரி நாலு பக்கமும் மயிர் விட்டது. ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். அது தன்னால் ஆனதைக் குடித்துவிட்டு ஓய்ந்துபோயிற்று. விரலால் தொட்டார், விரல் ஒட்டிக்கொண்டது. நசுருதீனின் முகம் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன் முகம் போல் இருந்தது.

"அருமைங்க பாய்" என்றார் அங்கப்பன்.

மறுநாள் காலையில், திருத்தி வைத்த புரூப்பின் மேல் எறும்புகள் வரிசை கட்டி நின்றன. எழுத்து மினுங்க வேண்டும் என்று நசுருதீன் இங்கியில் வெல்லப் பாகு சேர்த்திருந்தார். சிவப்புக் கோடு ஒவ்வொன்றின்மேலும் ஒரு கூட்டம். சுழித்த இடத்தில் சுழித்துக்கொண்டு, அடித்த இடத்தில் அடித்துக்கொண்டு. சென்னகிருஷ்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, புரூப் பாக்கறதுக்கு ஆளு சேத்திருக்கறீங்களாட்ட இருக்குது. சம்பளம் உண்டுங்களா?" என்று கேட்டார். அங்கப்பன் ஊதி ஊதித் தள்ளினார். சீமை இங்கி பாட்டில் அலமாரியில்தான் இருந்தது. ஆனால் நசுருதீன் எந்த நேரத்தில் ஓடிவருவார் என்று சொல்ல முடியாதே. வருகிறபோது பேனாவில் சீமை இங்கி இருந்தால் என்ன நினைப்பார்?

நசுருதீன் அதற்குள் ஊரெல்லாம் சாம்பிள் பாட்டில் கொடுத்து அபிப்பிராயம் திரட்ட ஆரம்பித்துவிட்டார். வக்கீல் குமாஸ்தா ஒருவர், நியாயஸ்தலத்துக்கு ஏற்றது என்றார். நாட்டு வைத்தியர், பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார். பெருந்துறை மண்டிக்காரர் மூடியைத் திறக்கவே இல்லை. பாட்டில் நல்ல கெட்டி என்றார். வால்பாறை எஸ்டேட் ரைட்டர் ஒருவர் எழுதி வைத்ததெல்லாம் ஒரே சாரலில் கரைந்து தேயிலைச் சரிவில் ஓடிப்போயிற்று. அவரும் பஸ் டிரைவர் மூலம் சொல்லியனுப்பினார்: மலைச் சீதோஷ்ணத்துக்கு மிகவும் இணக்கமானது. வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய்கூட இல்லை. கோவையிலிருந்து ஆனைமலை வரைக்கும் ஒரு மரியாதையான சதி நடந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் திறக்கிற காலம் நெருங்கியது. நசுருதீன் அபிப்பிராயங்களை எல்லாம் சேர்த்து நோட்டீஸ் போட வந்தார். அப்போதுதான் அந்தச் சேதியைச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும், சாயக்கடைச் சாவியைச் சித்தப்பா மகன் ரசாக் கையில் கொடுத்துவிடப் போகிறார். இனிமேல் முழு நேரமும் இங்கிதான். பெரிய அண்டாவுக்குச் சொல்லியாயிற்று. அவர் குடும்பத்தில் கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் கிடையாது என்பது கோட்டைமேட்டுக்கே தெரியும்.

அங்கப்பன் தைரியத்தை எல்லாம் திரட்டி, அவசரப்பட வேண்டாமுங்களே, இன்னும் நாலு பேரைக் கேட்டுப் பாருங்களேன் என்று இழுத்தார்.

நசுருதீன் சிரித்தார். "ஊருக்காரங்க சொன்னது நோட்டீசுக்குங்க. அவங்க எது குடுத்தாலும் நல்லா இருக்குதும்பாங்க, எனக்குத் தெரியாதுங்களா? குத்தம் கண்டுபுடிக்கறதையே பொழப்பா வெச்சிருக்கறவரு நீங்க. நீங்க அருமைன்னு சொல்லிப்போட்டீங்க. அதை நம்பித்தானுங்க சாவியக் குடுக்கறேன்."

அன்று சாயங்காலம் அங்கப்பன் வீட்டில் ஒத்திகை நடந்தது. விஷயத்தைக் கேட்ட ராசாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு, நான்தான் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்லிப் பழகுங்கள் என்று எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முந்தானையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு, "ஏனுங்க கவுண்டரே, இங்கி எப்படீங்க?" என்று கேட்டாள்.

அங்கப்பன் தொண்டையைச் செருமினார். மூச்சை இழுத்தார். "நல்லா..." என்று ஆரம்பித்தார். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று முடித்தார்.

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதேதான். கடைசியில் அவள் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, "உங்களை நம்பி அந்த மனுஷன் நடுத்தெருவுக்குப் போகப் போறாரு. அவரு சம்சாரம் தாஜுன்னிசா அக்கா முகத்தில நானு எப்புடி முழிப்பேனுங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அங்கப்பன் சுவரைப் பார்த்து முயன்றார். சுவருக்கும் மனம் நோகும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் நோட்டீசின் முதல் புரூப் அவர் மேஜைக்கு வந்தது. 'அபிப்பிராயங்கள்' என்ற தலைப்பின் கீழே, எல்லாவற்றுக்கும் மேலே, நசுருதீனே ஆசையாக எழுதிக் கொடுத்தது பெரிய எழுத்தில் இருந்தது: குற்றம் கண்டே பழகிய என் கண்களுக்கு இந்த இங்கியில் ஒரு குற்றமும் தென்படவில்லை — அங்கப்பன், புரூப் ரீடர்.

பேனாவைத் திறந்தார். அதில் செம்பருத்தி மார்க்தான் இருந்தது. ஒரு கால் விட்டுப்போயிருந்தது, போட்டார். ஒரு புள்ளி மேலேறியிருந்தது, இறக்கினார். கை பழகிய வழியில் போயிற்று. 'ஒரு குற்றமும்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிழை. அச்சுப்பிழை இல்லை, ஆனாலும் பிழை. இருபது வருஷமாகப் பிழையைக் கண்டால் சும்மா விட்டறியாத கை சட்டென்று ஒரு கோடு இழுத்தது. ஓரத்தில் எழுதியது: பல குற்றங்கள் தென்பட்டன.

ஐயோ, என்ன சுகம்!

பேனா அதற்கப்புறம் நிற்கவில்லை. எழுத்து ஊறுகிறது. காய மறுக்கிறது. எறும்பு மொய்க்கிறது. பேனாவின் தொண்டையை அடைக்கிறது. ஓரத்தில் இடம் போதாமல் மேலே ஏறி எழுதினார், கீழே இறங்கி எழுதினார். கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதை அடித்தார். மலைச் சீதோஷ்ணத்தை அடித்தார். இதை நம்பிக் கடையைக் கொடுப்பவர் கெடுவார் என்று எழுதியபோது நெற்றியில் வேர்வை வழிந்து, எழுதினது பாதி அழிந்து, அதன்மேலேயே திரும்ப எழுதினார். காளை மிரண்ட ஏரைப்போல ஓடி, தாளின் கடைசி மூலையில் போய் நின்றார். மூச்சு வாங்கியது.

பிறகு பயம் வந்தது. இதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் ஒழுங்காகத் திருத்தித் தருவோம் என்று நினைத்துக்கொண்டு, முகம் கழுவக் கொல்லைப்புறம் போனார். போகும் முன் தாளைத் தம்மையறியாமல் மேஜையின் வலது பக்கம் வைத்துவிட்டார். வலது பக்கம் வைத்தால் முடிந்தது என்று அர்த்தம். கம்பாசிட்டர் எடுத்துக்கொண்டு போவார். அது அந்த ஆபீஸ் வழக்கம். சென்னகிருஷ்ணன் எடுத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசனை வந்தது. யோசனையை வாசலில் கிடந்த செருப்புப் பக்கம் அனுப்பிவிட்டு, செவப்பில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் கோக்க ஆரம்பித்தார்.

அங்கப்பனுக்குக் கொல்லையிலேயே ஒருவர் அகப்பட்டுக்கொண்டார். மச்சானின் பாட்டுக் கச்சேரிக்கு நோட்டீஸ் போட வந்த ஆள். கச்சேரி எப்படியிருக்கும் என்று இவரையே கேட்டார். அருமையாக இருக்குமுங்க என்று பல விதமாகச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் மேஜை காலி. உள்ளே ஓடினார். அங்கே இரண்டாவது புரூப், மை காயாமல், வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாய் அத்தர் மணக்க நின்றுகொண்டிருந்த நசுருதீனின் கையில் இருந்தது. தொழுகைக்குப் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

'பல குற்றங்கள் தென்பட்டன' என்று பெரிய எழுத்தில் ஆரம்பித்து, வரிசையாக எல்லாம் அச்சாகி, கீழே அங்கப்பன், புரூப் ரீடர் என்று முடிந்திருந்தது. நசுருதீன் ஒரு தடவை படித்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"இது யாருங்க எழுதுனது?"

செருப்புப் பக்கம் போயிருந்த மூளை சென்னகிருஷ்ணனுக்கு அப்போதுதான் திரும்பி வந்தது. அவரும் கொங்கு மண்ணில் சோறு தின்றவர்தானே. "நான்தானுங்க பாய். வேற எதோ நோட்டீசு வரி இதுல கலந்துபோச்சாட்ட இருக்குது. ரண்டு நிமிசத்துல மாத்திப்போடறனுங்க" என்றார். மிஷின் மிதித்துக்கொண்டிருந்தவர், ஆமாமுங்க, காலையிலிருந்தே எல்லாம் கலந்து கலந்துதான் வருகிறது என்று ஒத்து ஊதினார். தப்பிக்கக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அங்கப்பன் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான். நோட்டீஸ் சரியாகிவிடும், சிநேகிதம் சரியாகிவிடும், தொழுகை முடிந்ததும் சாவி போய்விடும்.

"அவரு எழுதுலீங்க" என்றார் அங்கப்பன். குரல் யாருடையதோ போல் வந்தது. "நான் எழுதுனதுதானுங்க."

"ஏனுங்க கவுண்டரே?"

"இங்கி..." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தார். "இங்கி நல்லா இல்லீங்க பாய்."

மிஷின் நின்றது. நசுருதீன் தாளை நாலாக மடித்து ஜிப்பா பையில் வைத்தார். வெளியே போனார். ஓடவில்லை, நடந்து போனார். அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை.

அங்கப்பனுக்குப் பல் பிடுங்கின மாதிரி இருந்தது. வலிக்கிறது, ஆனால் நாக்கு திரும்பத் திரும்ப அந்தக் குழியைத்தான் தேடிப் போகிறது. நல்லா இல்லீங்க. சொல்லியாயிற்று. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் கோபத்தில் இந்த மனுஷர் வீம்புக்குச் சாவியைக் கொடுத்துவிட்டால்? முதலாளியிடம்கூடச் சொல்லாமல், காதில் பேனாவோடு தெருவில் இறங்கினார். கோட்டைமேடு வரைக்கும் ஓட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கவுண்டர் ஒருவர் பட்டப்பகலில் ஓடுவதைப் பார்த்த ஜவுளிக்கடைக்காரர்கள், எங்கேயோ மில்லில் நெருப்புப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

சாயக்கடையில் ரசாக் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் தாஜுன்னிசாவின் வளையல் சத்தம் கேட்டது. அங்கப்பன் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். ரசாக்கின் சட்டை கொஞ்சம் பழசானது போலிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நானு மொத நாளே சொன்னனுங்கண்ணா. ஊட்டுச் சொவரெல்லாம் எறும்புன்னேன். அருமைன்னு கவுண்டரே சொல்லிப்போட்டாரு, உனக்கென்ன தெரியும்னுட்டாரு."

அங்கப்பனுக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தொழுகை முடிந்து தெருவில் தொப்பிகள் தெரிந்தன. நசுருதீன் வந்தார். அங்கப்பன் இருப்பதைப் பார்த்தும் வாங்க என்று சொல்லவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பையிலிருந்து தாளை எடுத்துக் கல்லாப் பெட்டிமேல் விரித்தார்.

"அங்க சொன்னத இங்க சொல்லுங்க. ரசாக்கும் கேக்கட்டும்."

இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. "ஊறுதுங்க. காயறதில்லைங்க. எறும்பு மொய்க்குதுங்க. பேனா அடைக்குதுங்க. நல்லா இல்லீங்க பாய். கடையக் குடுக்காதீங்க."

"மூணு மாசமா ஏன் சொல்லல?"

"உங்க முகத்தப் பாத்தா வர்லீங்க."

நசுருதீன் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை நிமிர்த்தாமல், அடிபட்ட கையை எதிராளி பக்கம் நீட்டுகிறவர் போல, மெதுவாகக் கேட்டார்.

"நெறம்?"

அங்கப்பன் காதிலிருந்த பேனாவை எடுத்து, விரித்த தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். சாய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைவாசல் வரைக்கும் கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"நெறம் அருமைங்க."

"இது நெசமுங்களா? மரியாதைக்குங்களா?"

"நெசமுங்க. சீமை இங்கி சாயங்கால வெளிச்சத்துல பழுப்பாப் போகுமுங்க. இது கண்ணுல குத்திக்கிட்டு நிக்குது. இப்படியொரு செவப்புல நான் இதுவரைக்கும் திருத்துனதில்லீங்க."

நசுருதீனின் முகம் காது வரைக்கும் மலர்ந்தது. ஊர் முழுக்கச் சொன்ன புகழ்ச்சியையெல்லாம் ஒரு தராசுத் தட்டில் வைத்து, இதை மறு தட்டில் வைத்துப் பார்த்ததுபோல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "ரசாக், கோவிச்சுக்காதப்பா, கடை என்கிட்டவே இருக்கட்டும். வெல்லத்த எடுத்து அந்தாண்ட வெய்யி" என்றார். அதற்குள் அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். பின்கட்டுக்கு ஓடி, சாயப்பொடியும் தண்ணீரும் மட்டும் கலந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அங்கப்பன் முகத்துக்கு நேரே நீட்டினார். தண்ணீராக ஓடியது.

"நல்லா இல்லீங்க" என்றார் அங்கப்பன், அவர் கேட்பதற்கு முன்பே.

கொஞ்சம் வேலம்பிசின் போட்டு இன்னொரு கிண்ணம் வந்தது.

"இதுவும் நல்லா இல்லீங்க." அங்கப்பன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு கல்லாப் பெட்டிமேல் ஏறி வசதியாக உட்கார்ந்தார். "அடுத்ததக் கொண்டாங்க பாய்."